பழுப்புக் குள்ளனுக்கு எடை பார்ப்பது எப்படி?

மேசையில் இரண்டு டீ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தூக்குவாளி நிறைய. வந்து அரை மணி நேரம் ஆகிறது. இன்னொன்று சின்னக் கண்ணாடி கிளாஸில்; வந்து ஐந்து நிமிடம்தான் ஆகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆவிக்கு மேல் கையை நீட்டினால் இரண்டும் ஒரே சூடு. எது பெரிது, எது எப்போது வந்தது என்று அந்தச் சூட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அளவு தெரிந்தால் நேரத்தைக் கணக்கிடலாம், நேரம் தெரிந்தால் அளவைக் கணக்கிடலாம். இரண்டும் தெரியாவிட்டால் டீயைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

பழுப்புக் குள்ளன் என்ற வான்பொருளை வைத்துக்கொண்டு வானியலாளர்கள் முப்பது ஆண்டுகளாக விழிப்பது இந்த இடத்தில்தான். பிளஸ் டூ படிக்கும் என் அண்ணன் மகள் கயல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இதைப் பற்றிக் கேட்டாள். அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கும் சொல்கிறேன். அவள் குறுக்கிட்ட இடங்களையும் விடவில்லை. பெரும்பாலும் அவை குறுக்கிட வேண்டிய இடங்கள்தாம்.

“அது நட்சத்திரமா, கிரகமா சித்தப்பா?” என்பதுதான் முதல் கேள்வி.

நட்சத்திரமாக வேண்டும் என்று கிளம்பி, பாதியில் நின்றுபோனது. வாயு மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க நடுப்பகுதி சூடேறுகிறது. சூடு சுமார் 30 லட்சம் டிகிரியை எட்டிவிட்டால் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகத் தொடங்கும். அதிலிருந்து வரும் ஆற்றலும் மேற்பரப்பிலிருந்து போகும் ஆற்றலும் சமமாகிவிட்டால் சுருக்கம் நின்றுவிடும். அது விண்மீன், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குக் கவலையில்லை. ஆனால் சேர்ந்த சரக்கு குறைவாக இருந்தால், அந்தச் சூட்டை எட்டும் முன்பே வேறொன்று வந்து சுருக்கத்தைத் தடுத்துவிடுகிறது.

அந்த வேறொன்றைக் கயல் வேதியியல் பாடத்தில் ஏற்கெனவே படித்திருக்கிறாள். ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரானுக்கு மேல் இருக்க முடியாது, அந்த இரண்டும் எதிரெதிர் சுழற்சியோடு இருக்க வேண்டும் என்கிற பௌலி விதி. அணுவுக்குள் மட்டும் நடக்கும் சங்கதி இல்லை அது. நசுக்கப்பட்ட வாயுவிலும் அதே விதிதான். கீழ்நிலை இடங்கள் நிரம்பிவிட்டால், அடுத்து வரும் எலக்ட்ரான்கள் வேகம் கூடிய நிலைகளுக்குப் போயே ஆக வேண்டும். அந்த வேகம் அழுத்தமாக வெளியே தள்ளுகிறது. சாதாரண வாயுவைக் குளிரவைத்தால் அழுத்தம் குறையும். இந்த எலக்ட்ரான் நெரிசலால் வரும் அழுத்தமோ குளிர்ந்தாலும் குறையாது. வெண்குள்ளன் என்ற இறந்த விண்மீன்களைத் தாங்கி நிற்பதும் இதே அழுத்தம்தான். 1930இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர், அந்தத் தாங்கும் திறனுக்கும் ஓர் எல்லை உண்டு என்று வழியிலேயே கணக்குப் போட்டார். அவர் பார்த்தது எடை கூடிய பக்கத்து எல்லை. நம் கதை எடை குறைந்த பக்கத்தில் நடக்கிறது.

அந்தப் பக்கத்து எல்லையை 1960களின் தொடக்கத்தில் கணக்கிட்டவர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த சிவ் குமார். அதே காலத்தில் ஜப்பானில் ஹயாஷியும் நகானோவும் தனியாக அதே இடத்துக்கு வந்தார்கள். சூரியனின் நிறையில் சுமார் ஏழரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஹைட்ரஜன் எரிப்பு நிலைத்து நிற்காது. சூரியனின் நிறை ஏறக்குறைய 1,047 வியாழன்களுக்குச் சமம் என்பதால், இந்த எல்லையை 75 முதல் 80 வியாழ நிறை என்றும் சொல்லலாம். வியாழனை அலகாக வைத்துக்கொண்டால் இனிப் பேச வசதி. கீழ் எல்லை சுமார் 13 வியாழ நிறை. அதற்கு மேலிருந்தால் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கொஞ்ச காலம் எரியும். அது கையிருப்பு குறைவான சரக்கு, சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு புது வருமானம் எதுவும் இல்லை. பிறந்தபோது சேர்ந்த சூட்டைச் செலவழித்துக்கொண்டே காலமெல்லாம் ஆற வேண்டியதுதான்.

“அப்போ பெருசா இருக்கிறது எடை அதிகம், சின்னதா இருக்கிறது எடை கம்மி. சைஸைப் பார்த்துச் சொல்லிடலாமே?”

நியாயமான கேள்வி. டீ உவமை உதவாமல் போகும் இடமும் இதுவே. எலக்ட்ரான் நெரிசல் தாங்கும் பொருளுக்கு ஒரு விநோதம் உண்டு: சரக்கைக் கூட்டினாலும் பருமன் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கொஞ்சம் வயதான பிறகு 15 வியாழ நிறையும் 70 வியாழ நிறையும் கிட்டத்தட்ட வியாழனின் குறுக்களவுக்கே வந்து நின்றுவிடுகின்றன. ஆக, அளவைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஒளிதான் தெரியும். அந்த ஒளியோ நிறை, வயது இரண்டையும் சேர்த்துக் கட்டிய ஒரே மூட்டை.

அந்த மூட்டையின் கணக்கைத் தோராயமாக இப்படிச் சொல்லலாம். ஒரே வயதில் நிறை இரண்டு மடங்கானால் ஒளி சுமார் ஆறு மடங்காகிறது. இன்னும் சரியாகச் சொன்னால் ஒளிர்வு நிறையின் 2.6ஆம் படியை ஒட்டிப் போகிறது. ஒரே நிறையில் வயது இரண்டு மடங்கானால் ஒளி பாதிக்கும் கீழே இறங்குகிறது. பர்ரோஸ், பராஃப், சாமன், மார்லி போன்றவர்கள் 1990களிலிருந்து கணினியில் கட்டியெழுப்பிய குளிர்தல் மாதிரிகள் இதையே இன்னும் நுணுக்கமாகச் சொல்கின்றன. உள்ளே நசுங்கிக் கிடக்கும் ஹைட்ரஜனும் ஹீலியமும் எப்படி நடந்துகொள்ளும், வளிமண்டலம் எந்த நிறத்து ஒளியை வெளியே விடும், எதை மறிக்கும், இரும்புத் துளிகளும் மணல் போன்ற சிலிகேட் துகள்களும் மேகமாக நின்று சூட்டை எவ்வளவு அடைக்கும் என எல்லாவற்றையும் போட்டு, வயதுக்கு இவ்வளவு ஒளி என்று அட்டவணை தருகிறார்கள். அட்டவணை சரியா என்று சோதிக்க வேண்டுமானால் ஒளி, வயது, நிறை மூன்றும் வெவ்வேறு வழியில் கையில் இருக்க வேண்டும். அட்டவணையை வைத்தே நிறையைக் கண்டுபிடித்துவிட்டு, அந்த நிறையை வைத்தே அட்டவணை சரி என்று சொன்னால், மாணவனே தன் தாளைத் திருத்திக்கொண்ட கதைதான்.

இதில் ஏன் இவ்வளவு கவலை என்றால், நேரடியாகப் படம் எடுக்கப்பட்ட வேற்றுக் கிரகங்கள் பலவற்றின் நிறையும் இதே வகை அட்டவணையிலிருந்துதான் வருகிறது. ‘இது ஏழு வியாழ நிறை’ என்று செய்தியில் படித்தால், பல சமயம் அது எடைபோட்ட எண் இல்லை. ஒளியை அளந்து, வயதை மதிப்பிட்டு, அட்டவணையில் விரல் வைத்து எடுத்த எண்.

இனி எடைக்கு வருவோம்.

வானத்தில் தராசு ஒன்றுதான், ஈர்ப்பு. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பொருள்கள் இருந்தால், இடைத்தூரத்தையும் சுற்றும் காலத்தையும் அளந்து கெப்ளரின் மூன்றாம் விதியில் போட்டால் இரண்டின் மொத்த நிறை வந்துவிடும். சொல்வது எளிது. இந்தக் கணக்கில் இடைத்தூரம் மூன்றாம் படியில் வருகிறது. படத்தில் நாம் அளப்பது கோணம். அதைத் தூரமாக மாற்ற அந்தப் பொருள் நம்மிடமிருந்து எவ்வளவு தொலைவு என்று தெரிய வேண்டும். தொலைவில் ஒரு சதவீதம் பிசகினால் நிறையில் மூன்று சதவீதம் பிசகும். மொத்த நிறையை இரண்டாகப் பங்கிடுவது அடுத்த வேலை. பின்னணியில் இருக்கும் தொலைதூர விண்மீன்களை வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். அதிகம் ஆடுவது எடை குறைந்தது.

டிரென்ட் டூபுய், மைக்கேல் லியூ இருவரும் இப்படி 31 ஜோடிகளைப் பத்தாண்டுக் காலம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியில், காற்றின் நடுக்கத்தால் கலங்கும் படத்தைச் சரிசெய்ய லேசர் ஒளியை மேலே அனுப்புவார்கள். சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சோடியம் படலம் அது பட்டு ஒளிரும். அது ஒரு செயற்கை விண்மீன். அந்தப் புள்ளி எப்படி ஆடுகிறது என்று பார்த்து, கண்ணாடியின் வடிவத்தை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைத்து வளைத்துத் திருத்துவார்கள். அப்போதுதான் ஒன்றாகத் தெரிந்த புள்ளி இரண்டாகப் பிரியும். அதே மலையிலிருக்கும் கனடா–பிரான்ஸ்–ஹவாய் தொலைநோக்கி, ஜோடி மொத்தமாகப் பின்னணியில் எப்படி நகர்கிறது என்று பார்த்துத் தொலைவையும் ஆட்டத்தையும் கொடுத்தது. ஹப்பிள் படங்களும் சேர்ந்தன. 2017இல் வெளிவந்த முடிவில் தனித்தனியாக 38 நிறைகள் கிடைத்தன. விண்மீனுக்கும் பழுப்புக் குள்ளனுக்கும் இடையிலான கோடு சுமார் 70 வியாழ நிறையில் இருப்பதாகவும் அவர்கள் காட்டினார்கள். பாடநூல்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் கீழே. பத்தாண்டுப் பொறுமைக்கு இந்த ஒரு எண்ணே போதும் என்பேன்.

“ஜோடி இல்லாம, ஒரு பெரிய நட்சத்திரத்தைச் சுத்தி வந்துட்டு, ஒரு சுத்துக்கு இருநூறு வருஷம் ஆகும்னா?”

அதற்கும் வழி இருக்கிறது. முழுச் சுற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். குள்ளன் தன் தாய் விண்மீனை இழுக்கும் இழுவையை அளந்தால் போதும். விண்மீனுக்கு ஏற்படும் முடுக்கம் இழுப்பவனின் நிறையையும் இடைத்தூரத்தையும் மட்டுமே பொறுத்தது. விண்மீனின் சொந்த நிறை கணக்கிலேயே வராது. நியூட்டனின் சமன்பாட்டில் அது இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. ஐரோப்பாவின் ஹிப்பார்கோஸ் விண்கலம் 1989 முதல் 1993 வரை விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்தது. அதன் வாரிசான கையா 2013 டிசம்பரில் ஏவப்பட்டது. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 25 ஆண்டு. நேராகப் போக வேண்டிய விண்மீன் இந்த இடைவெளியில் கொஞ்சம் திரும்பியிருந்தால், பக்கத்தில் யாரோ இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். டிமதி பிராண்ட் இரண்டு அட்டவணைகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, எந்தெந்த விண்மீன் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தொகுத்துக் கொடுத்தார். அதிலிருந்து வந்த விடைகளில் ஒன்று பெரிய தலைவலியானது.

அதன் பெயர் கிளீஸ் 229 பி. திருவாதிரை விண்மீன் இருக்கிறதே, அந்த வேட்டைக்காரன் மண்டலத்தின் காலடியில் முயல் என்று ஒரு சிறு மண்டலம். அங்கே, நம்மிடமிருந்து சுமார் 19 ஒளியாண்டு தொலைவில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்புக் குள்ள விண்மீன். 1994இல் கலிஃபோர்னியாவின் பாலமார் மலையில் இருக்கும் 60 அங்குலத் தொலைநோக்கியால், விண்மீனின் ஒளியைத் தட்டு வைத்து மறைத்துவிட்டுப் பார்த்தபோது பக்கத்தில் ஒரு மங்கலான புள்ளி தெரிந்தது. கண்டவர்கள் நகாஜிமா, கர்நாடகத்தின் ஹூப்ளியில் வளர்ந்த ஸ்ரீனிவாஸ் குல்கர்னி, ஓப்பன்ஹைமர் முதலியோர். தற்செயலாகப் பின்னால் தெரியும் விண்மீனா, கூடவே நகரும் துணையா என்று தெரிய ஓர் ஆண்டு காத்திருந்து மறுபடியும் பார்த்தார்கள். கூடவே நகர்ந்தது. நிறமாலையில் மீத்தேன் இருந்தது. எந்த விண்மீனின் வளிமண்டலத்திலும் மீத்தேன் தாக்குப்பிடிக்காது. அவ்வளவு சூட்டில் சிதைந்துவிடும். வியாழனில் இருக்கிறது. ஆக, இது விண்மீனே இல்லை. வெப்பநிலை 900 கெல்வினை ஒட்டி. ஒளி சூரியனின் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1995 அக்டோபரில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் நடந்த மாநாட்டில் அறிவித்தார்கள். 51 பெகாசி என்ற விண்மீனுக்கு ஒரு கிரகம் இருப்பதும் அதே மாநாட்டில்தான் அறிவிக்கப்பட்டது. பாவம், பத்திரிகை வெளிச்சம் முழுக்கக் கிரகத்தின் மேல் விழுந்துவிட்டது.

அந்த ஒளியையும் ஒரு தோராய வயதையும் அட்டவணையில் வைத்துப் பார்த்தவர்கள், இது 20 முதல் 50 வியாழ நிறை வரை இருக்கலாம் என்றார்கள். யாரும் எடைபோடவில்லை, போடவும் முடியவில்லை. இருபத்தைந்து ஆண்டு அந்த மதிப்பீடே ஓடியது.

பிறகு ஹிப்பார்கோஸ்–கையா கணக்கு வந்தது. தாய் விண்மீன் திரும்பிய அளவு, நம்மை நோக்கியோ விலகியோ நகரும் அதன் ஆரத்திசை வேகத்தில் தெரிந்த மாற்றம், துணையின் படங்கள் மூன்றையும் சேர்த்து 2021இல் பிராண்ட் குழு சொன்ன நிறை 71.4 வியாழ நிறை, பிழை 0.6. விண்மீன் ஆகும் கோட்டின் வாசற்படியில் நிற்கும் எண். அவ்வளவு எடை கொண்ட ஒன்று இவ்வளவு மங்கி இருக்கவே கூடாது. மாதிரிகளின்படி அது இந்த ஒளிக்கு இறங்கி வர, தாய் விண்மீனின் மதிப்பிடப்பட்ட வயதைவிட மிக நீண்ட காலம் பிடிக்கும்.

“அப்போ மாடல் தப்பா?”

பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். இழுவையை அளந்ததில் பிசகு தேட இடமில்லை. எண் அவ்வளவு உறுதி. மாதிரி தப்பா, வயது தப்பா, உள்ளே இருக்கும் ஹைட்ரஜனைப் பற்றி நமக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இன்னொரு வாய்ப்பையும் சிலர் சொல்லிவைத்தார்கள்: தட்டில் இருப்பது ஒன்றுதானா? மேலே சொன்ன 2.6ஆம் படிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 72 வியாழ நிறையை ஒரே பொருளாக வைப்பதற்குப் பதில் 36, 36 என்று இரண்டாகப் பிரித்தால், அதே வயதில் ஒவ்வொன்றும் ஆறில் ஒரு பங்கு ஒளிதான் தரும். இரண்டையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. ஈர்ப்புக்கு இரண்டும் ஒன்றும் ஒரே எடை. ஒளிக்கு அப்படி இல்லை. தொல்லை தந்த மங்கலுக்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது. ஆனால் படத்தில் இரண்டு தெரிய வேண்டுமே. ஹப்பிளிலும் கெக்கிலும் அது ஒற்றைப் புள்ளியாகவே இருந்தது.

2024இல் ஜெர்ரி ஷுவான் என்ற கால்டெக் ஆய்வு மாணவரும் குழுவினரும் சிலியின் பரனால் மலையில் இருக்கும் நான்கு எட்டு மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாக இணைக்கும் கிராவிட்டி கருவியைக் கிளீஸ் 229 பி மேல் திருப்பினார்கள். நான்கையும் சேர்த்தால் கூர்மையில் நூறு மீட்டருக்கும் அதிக அகலமுள்ள ஒரே தொலைநோக்கி மாதிரி. அதே மலையில் நிறமாலைக் கருவியால் வேகமும் அளந்தார்கள். இரண்டு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இரண்டு. ஒன்று சுமார் 38 வியாழ நிறை, மற்றது சுமார் 34. ஒன்றையொன்று 12.1 நாளில் சுற்றுகின்றன. இடையே பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைப் போல் 16 மடங்குதான். இங்கிருந்து பார்த்தால் அந்த இடைவெளி, ஒரு டிகிரியை 3,600 கூறாக்கினால் வரும் ஒரு விகலையில் ஆயிரத்தில் ஏழு பங்கு. ஒற்றைத் தொலைநோக்கிகள் ஏமாந்ததில் வியப்பில்லை. கெக் தொலைநோக்கி நிறமாலைகளை வைத்து இன்னொரு குழுவும் தனியாக அதே முடிவுக்கு வந்தது. ஒளியில் எடை குறைந்தது எடை கூடியதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. 38ஐயும் 34ஐயும் கூட்டிப் பாருங்கள், பழைய 71.4 பக்கத்தில் வந்து நிற்கிறது. எடைபோட்டவர்களும் சரி, அட்டவணை போட்டவர்களும் சரி. தாய் விண்மீனின் வயதோடும் கணக்கு ஒத்துப்போகிறது.

கயலுக்கு இதில் ஒரு சின்ன ஏமாற்றம். மாதிரி உடைந்திருந்தால் கதை இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கும் என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தவிர, அந்த ஜோடி எப்படி இவ்வளவு நெருக்கமாக வந்தது என்ற கேள்வி புதிதாக முளைத்திருக்கிறது. விறுவிறுப்பு வேண்டுமானால் அதில் தேடிக்கொள்ளலாம்.

எடை பார்ப்பதே தடுமாறிய இடமும் உண்டு. எப்சிலான் இண்டி என்ற விண்மீன் சுமார் 12 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதற்குத் துணையாக இரண்டு பழுப்புக் குள்ளர்கள், ஒன்றையொன்று சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறார்கள். ஒரே வீட்டில் பிறந்ததால் வயது ஒன்றே. அதனால் மாதிரிக்கு இங்கே இரட்டைத் தேர்வு: இரண்டு குள்ளர்களையும் தனித்தனியாக வைத்துக் கணக்கிட்டாலும் ஒரே வயது வர வேண்டும், அது தாய் விண்மீனின் வயதோடும் பொருந்த வேண்டும். 2018இல் வந்த ஓர் ஆய்வு இவர்களுக்கு 75, 70 என்று நிறை சொன்னது. மாதிரிகளுக்கு அது பெரிய அடி. 75 வியாழ நிறை என்றால் விண்மீன் எல்லையையே தாண்டுகிறது, ஆனால் பொருளோ குளிர்ந்துகொண்டிருக்கிறது. 2022இல் இன்னொரு குழு முழுச் சுற்றுக்கும் மேலான படங்களையும், பின்னணி விண்மீன்களுக்குக் கையா தந்த துல்லிய இடங்களையும் வைத்து மறுபடியும் அளந்தது. எடை கூடியது 66.92, எடை குறைந்தது 53.25, பிழை அரை சதவீத அளவு. இந்த எண்களைப் போட்டால் இரண்டும் சுமார் 350 கோடி ஆண்டு வயதைக் காட்டுகின்றன. தாய் விண்மீனின் மேற்பரப்புச் செயல்பாட்டிலிருந்து கணித்த வயதும் அதுவே. என்னைக் கேட்டால், பழுப்புக் குள்ளர்கள் ஆறும் விதம் நமக்கு ஓரளவு தெரியும் என்பதற்கு இதுவரை கிடைத்ததில் நல்ல சாட்சி இதுதான்.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. எச்டி 130948 என்ற சூரியன் போன்ற விண்மீனைச் சுற்றும் ஒரு ஜோடி இருக்கிறது. இருவரின் மொத்த நிறை சூரியனின் நிறையில் 11 சதவீதம். விண்மீன் தன்னைத்தானே சுற்றும் வேகத்தை வைத்துப் பார்த்தால் வயது சுமார் 80 கோடி ஆண்டு. அந்த வயதுக்கும் நிறைக்கும் மாதிரி சொல்லும் ஒளியைவிட அந்த ஜோடி இரண்டு, மூன்று மடங்கு கூடுதலாக ஒளிர்கிறது என்று டூபுய் 2009இல் காட்டினார். விண்மீனின் வயது அதில் பாதிதான் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். வைத்துக்கொள்ளலாமா? விண்மீனின் வயதைச் சொல்வது வானியலிலேயே நம்பிக்கை குறைந்த வேலைகளில் ஒன்று. மறுபுறம், மேகங்கள் குளிர்வதை எவ்வளவு தாமதப்படுத்தும் என்பதும் இன்னும் முடிந்த கணக்கில்லை. இங்கே யார் மேல் தப்பு என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் பாதிக்கு மேல் வயதின் மேல்தான் கட்டுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அது இளம்பிள்ளைகளின் விவகாரம். ஓரியன் நெபுலாப் பகுதியில் ஒரு ஜோடி சுமார் 9.8 நாளுக்கொருமுறை ஒன்றையொன்று மறைக்கிறது. மறைப்பு நடக்கும் ஜோடி என்றால் நிறை, பருமன், வெப்பநிலை விகிதம் எல்லாம் நேராகவே கிடைத்துவிடும். 2006இல் ஸ்டாசனும் அவர் கூட்டாளிகளும் அளந்தபோது எடை கூடியதுதான் குளிர்ச்சியாக இருந்தது. எந்த மாதிரியிலும் அப்படி வராது. வலுவான காந்தப்புலம் வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதால் இருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பிறந்து சுமார் பத்து லட்சம் ஆண்டே ஆன பிள்ளைகளிடம் பெரியவர்களின் ஒழுங்கை எதிர்பார்க்கக் கூடாதோ என்னவோ.

“ஆக மொத்தம் மாடல் பாஸா, ஃபெயிலா சித்தப்பா?”

நடுவயது தாண்டியவர்களிடம் பாஸ். இளையவர்களிடமும், மேகம் மூடியவர்களிடமும் சில பாடத்தில் மறுதேர்வு. அடுத்த வினாத்தாள் தயாராகிக்கொண்டிருக்கிறது: கையா விண்கலம் 2025இல் ஓய்வு பெற்றுவிட்டாலும், அது பத்தாண்டுக்கும் மேலாகச் சேர்த்த அளவீடுகள் இன்னும் முழுமையாக வெளிவரவில்லை. வரும்போது ‘அட்டவணைப்படி இவ்வளவு நிறை’ என்று இருக்கும் எத்தனையோ பொருள்களுக்கு ‘எடைபோட்டபடி இவ்வளவு’ என்று எழுத முடியும்.

அதுவரை ஆசிரியர்களுக்கும் போட்டித் தேர்வுக்குக் குறிப்பு எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மீத்தேன் நிறமாலையோடு முதலில் உறுதியான பழுப்புக் குள்ளன் கிளீஸ் 229 பி என்று உங்கள் குறிப்பில் இருந்தால், பக்கத்தில் பேனாவால் சேர்த்துக்கொள்ளுங்கள்: அது ஒன்றல்ல, இரண்டு, நிறை 38, 34.